அப்பாவின் வாட்ச்சைப் புதுசாக்கி விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும் நேரம் இது. பீரோவின் உள்ளறையிலிருந்தோ பழைய பிஸ்கட் டின்னிலிருந்தோ அப்பா கட்டியிருந்த வாட்ச் ஒன்று கைக்கு வரும். சாவி கொடுத்துப் பார்ப்பீர்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடமோ, புளோக்குக்குக் கீழே மேசை போட்டுப் பழைய வாட்ச் வாங்குகிறவரிடமோ கிடைத்த விலைக்குப் போய்விடும். பாசம் அதிகமுள்ளவர்கள் விற்க மாட்டார்கள். கடைக்குக் கொண்டுபோய், "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்பார்கள். விற்பதைவிட இதுதான் எனக்கு அதிக வருத்தம். விற்ற வாட்ச் இன்னொருவர் கையிலாவது அது அதுவாகவே இருக்கும்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கணவர் பாய லேபார் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். விமான நிலையம் சாங்கிக்கு மாறுவதற்கு முந்தைய காலம். அவரிடம் ஜேஜே லெகூல்த்ர் மெமோவாக்ஸ் இருந்தது. கையில் கட்டிக்கொள்ளும் அலாரம் வாட்ச். பக்கவாட்டில் இரண்டு குமிழ் இருக்கும். ஒன்று நேரத்துக்கு, மற்றது அலாரத்துக்கு. 1950இல் வந்த இந்த வாட்ச்சை ஊர் ஊராகப் பறக்கிறவர்களும் ஓட்டலில் தூங்கி விமானத்தைத் தவறவிடக்கூடாத வியாபாரிகளும் விரும்பி வாங்கினார்கள். அக்காவின் கணவர் விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த அலாரம் பள்ளிக்கூட மணி மாதிரிக் கிர்ர்ரென்று அடிப்பது சுவர் தாண்டி எங்கள் வீட்டில் கேட்கும்.

அவர் இறந்த பிறகு, மகனுக்குக் கொடுக்கலாம் என்று அக்கா அதை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தார். திரும்பி வந்ததைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். பளபளவென்று இருந்தது. டயலுக்குப் புது வர்ணம், புது எழுத்து. கேஸ் முழுக்கப் பாலிஷ். பின்மூடியில் கீறல் அதிகம் என்று வேறு மூடி போட்டிருந்தார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு, கணவரோடு வேலை பார்த்தவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. அவர்கள் பெயரும் தேதியும் செதுக்கியிருந்தது அந்தப் பழைய மூடியில்தான். அக்கா போய்க் கேட்டபோது, பழைய பாகங்களைத் தூக்கிப் போட்டாயிற்று என்றார்களாம்.

அதோடு முடியவில்லை. அலாரம் வைத்துப் பார்த்தால் சத்தமே வரவில்லை. உள்ளே ஏதோ முனகுவதுபோல் இருந்தது. காரணம் இதுதான். கைச்சாவி மெமோவாக்ஸில் பின்மூடியின் உட்பக்கம் ஒரு சின்ன முளை இருக்கும். அலாரம் அடிக்கும்போது உள்ளேயிருக்கும் குட்டிச் சுத்தியல் அந்த முளையைத்தான் தட்டும். மூடி அதிர்ந்து ஒலி எழுப்பும். அதாவது பின்மூடிதான் மணி. கீறலுக்காக மூடியை மாற்றியவர்கள் மணியையே கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

நான் 1970களில் ரோலை கேமரா தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். ஷட்டர் பிரிவில் இருந்தேன். 1981இல் அந்த ஜெர்மன் நிறுவனம் இங்கிருந்த ஆலையை மூடும்வரை கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகளோடுதான் என் நாள் போகும். வாட்ச் பைத்தியம் அங்கிருந்து பிடித்தது. அப்புறம், கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் ஓய்வு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் சேர்ப்பதெல்லாம் பயணத்துக்கென்றே செய்த பழைய சாவி வாட்ச்சுகள் மட்டும். அதற்குக் காரணம் என் அண்ணன்.

அவர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். கப்பல் எந்தக் கடலில் போனாலும் ரேடியோ அறையின் பதிவேட்டைக் கிரீன்விச் நேரத்தில்தான் எழுதவேண்டும். சாப்பாடும் தூக்கமும் மட்டும் கப்பல் நேரத்துக்கு. அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தில் 15இலிருந்து 18ஆவது நிமிடம் வரையும், 45இலிருந்து 48 வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில் எந்தக் கப்பலும் பேசக்கூடாது. எல்லாரும் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். எங்கேயாவது தவிக்கும் கப்பல் ஒன்றின் எஸ்ஓஎஸ் ஈனசுரத்தில் வந்தால் மற்ற இரைச்சலில் அது அமுங்கிவிடக்கூடாது. 1999 பிப்ரவரியில் ஆபத்துக்கு உதவி கேட்கும் புதிய முறை முழுதாக நடைமுறைக்கு வரும்வரை கடலில் இதுதான் சட்டம். நிமிடம் தவறாமல் நேரம் பார்ப்பது அண்ணனுக்குப் பிழைப்பு மட்டுமில்லை, யாரோ ஒருவருடைய உயிர்.

அவர் கையில் இருந்தது ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர், 1675 என்ற மாடல். 1950களின் நடுவில் பான் ஆம் விமானிகளுக்காக வந்த வகையின் அடுத்த தலைமுறை. வழக்கமான முட்களோடு, 24 மணி நேரத்தில் ஒரே ஒரு சுற்று சுற்றும் இன்னொரு முள்ளும் இருக்கும். கண்ணாடியைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக 24 மணி அச்சிட்ட வளையம். சாதா முட்களை உள்ளூர் நேரத்துக்கு வைத்து, வளையத்தை வேண்டிய அளவு திருப்பினால் அந்த நான்காவது முள் இன்னோர் ஊரின் நேரத்தைக் காட்டும். பிற்காலத்து வாட்ச்சுகளில் இந்த வளையம் கிளிக் கிளிக் என்று படிப்படியாகத் திரும்பும். பழைய 1675இல் பல் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

சிங்கப்பூரருக்கு அது எவ்வளவு வசதி என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரத்தில் ஓடிய நம் கடிகாரங்கள், 1945 செப்டம்பருக்குப் பிறகு கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தன. 1981 டிசம்பர் 31 வரை அப்படித்தான். அந்த அரை மணி நேரத்துக்காக அண்ணன் வளையத்தை இரண்டு குறிக்கும் நடுவே நிறுத்துவார். வளையத்தின் முக்கோணக் குறி டயலின் 4 மணிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். மலேசியா தன் கிழக்கு மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்கியபோது நாமும் சேர்ந்துகொண்டோம். அன்று இரவு 11.30 மணிக்கே இங்கே 1982 பிறந்துவிட்டது. அண்ணன் விடுப்பில் வீட்டில் இருந்தார். முட்களை அரை மணி தள்ளி வைத்துவிட்டு, கட்டைவிரலால் வளையத்தை நூலளவு நகர்த்தினார். முக்கோணம் 4 மணிக் கோட்டில் போய் உட்கார்ந்தது. அதுவரை நமக்கும் தமிழ்நாட்டுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். ஊருக்குப் போன் போடுகிறவர்கள் மனக்கணக்கில் இரண்டைக் கழித்தால் போதும். அன்று முதல்தான் இரண்டரை ஆனது.

அந்த வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. வளையத்தின் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகிவிட்டது, நீலம் சாம்பல் பூத்திருக்கிறது. உப்புக்காற்றும் வெயிலும் செய்த வேலை. சர்வீஸுக்குக் கொண்டுபோகும் இடத்திலெல்லாம், "புது வளையம் இருக்கிறது, மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்கிறேன். சந்தைக் கணக்கிலும் அதுதான் சரி. இந்த மாடல்கள் இன்று பல்லாயிரம் வெள்ளிக்குக் கைமாறுகின்றன; சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது டயலும் முட்களும் வளையமும் அதனோடு பிறந்தவையா என்றுதான். நான் விற்கப்போவதில்லை. ஆனால் நூறு வெள்ளி வேலை என்று நினைத்துச் செய்வது ஆயிரக்கணக்கில் நஷ்டம் என்பதை வாசகர்கள் தெரிந்து வைத்திருக்கட்டும்.

பாலிஷைப் பற்றியும் அழுத்திச் சொல்லவேண்டும். பாலிஷ் என்றால் அழுக்கை எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கொம்புகளின் கூரான விளிம்பு முதலில் போகும். அப்புறம் கொம்பே மெலியும். போன விளிம்பு எந்த வித்தையாலும் முன்போல் திரும்பாது. இந்த 1675இல் ஒரு பக்கத்துக் கொம்புகளுக்கு நடுவே மாடல் எண்ணும் எதிர்ப்பக்கம் வரிசை எண்ணும் வெட்டியிருக்கும். வாட்ச்சின் வயதைச் சொல்வது அந்த வரிசை எண்தான். அதையும் மழுங்க அடித்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். கேஸும் செயினும் சுத்தமாக வேண்டும் என்றால், மெஷினைக் கழற்றிவிட்டு அவற்றை மட்டும் மீயொலித் தொட்டியில் கழுவித் தரச்சொல்லுங்கள். பல வருட வேர்வையும் சோப்பும் அதிலேயே வந்துவிடும். கீறல் மட்டும் இருக்கும். இருக்கட்டுமே.

என்னிடம் இருப்பதில் நான் அதிகம் கொஞ்சுவது மொவாடோ எர்மெட்டோ. சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடியது எனக்கு இன்றும் வலிக்கிறது. எர்மெட்டோ 1926இல் வந்தது. கையில் கட்டுவதில்லை, பையில் வைத்துக்கொள்வது. தீப்பெட்டி அளவில், தோல் போர்த்திய ஒரு சின்னக் கூடு. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கூடு நடுவில் பிரிந்து டயல் தெரியும். உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். என்னுடையது, திறந்து மூடுவதிலேயே சாவி ஏறும் வகை. கூட்டுக்குள் ஒரு பல்சட்டம் இருக்கிறது. இழுக்கும்போது அது சாவிச் சக்கரத்தைத் திருப்பும். நேரம் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வாட்ச்சுக்குத் தீனி. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே சரிவு. இவ்வளவு காலம் எத்தனை கைகள் இழுத்திருக்கும்! ஒன்றுகூடத் தேயவில்லை.

அதன் தோல் ஓரங்களில் கறுத்து, ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. புதுத்தோல் போட்டுத் தருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. பசையும் புதுத்தோலின் தடிப்பும் சேர்ந்தால் கூடு சறுக்குவது இறுகிவிடும், சாவி ஏறுவது தடைப்படும். அதனால் விட்டுவிட்டேன். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் துடைப்பதோடு சரி.

நம் ஊர் ஈரக்காற்றுதான் இவற்றுக்கு முதல் எதிரி. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் கதை தெரியும். அவர்கள் வாங்கும் உலர்பெட்டியிலேயே வாட்ச்சையும் வைக்கலாம். 45, 50 விழுக்காடு போதும். அதற்கும் கீழே இறக்கினால் தோல் வெடிக்கும். ரப்பர் வளையங்கள் இறுகிப்போன பழைய வாட்ச் எதுவும், பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும், தண்ணீருக்குத் தாங்காது. கட்டிக்கொண்டு பாத்திரம்கூடக் கழுவாதீர்கள். வெயிலிலிருந்து ஏர்கான் அறைக்கு வரும்போது கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அரிசிக்குள் புதைத்து வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எஃகுப் பாகத்தில் துரு பிடிக்க ஓரிரு நாளே அதிகம்.

இன்னொன்று காந்தம். நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், உடனே முழு சர்வீஸ் என்று பயந்துவிட வேண்டாம். கைப்பையின் காந்தப் பூட்டு, டேப்லெட் உறை, ஒலிபெருக்கி இவற்றின் பக்கத்தில் வைத்தால் உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு திசைகாட்டியின் மேல் வாட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். ஊசி ஆடினால் சந்தேகப்படலாம். காந்தம் இறக்கும் கருவி எந்த ரிப்பேர்க் கடையிலும் இருக்கும். சில விநாடி வேலை.

சர்வீஸ் கட்டாயம் வேண்டும். புதுசாக்க வேண்டாம் என்று நான் சொல்வதை, எதையும் தொட வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. உள்ளே உள்ள எண்ணெய் வருடங்கள் போகப் போகக் காய்ந்து பிசினாகும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கர அச்சுகள் தேயும். வேளாவேளைக்கு ஓடுகிறதே என்று பத்து, பதினைந்து வருடம் கட்டிக்கொண்டே இருப்பது வாட்ச்சை மெல்லக் கொல்வது. நல்ல ரிப்பேர்க்காரர் மெஷினை முழுக்கப் பிரித்து, கழுவி, இடத்துக்குத் தக்க வேறு வேறு எண்ணெய் வைப்பார். வேகமாக ஆடும் மெல்லிய அச்சுக்கு நீர்த்த எண்ணெய், சாவிப் பகுதிக்குக் கெட்டியான கிரீஸ். அப்புறம் ஒலி கேட்டு அளக்கும் கருவியில் வைத்துப் பார்ப்பார். மணிக்கு 18,000 துடிப்பு உள்ள பழைய மெஷினில் விநாடிக்கு ஐந்து டிக். முழுச் சாவியில், படுக்கவைத்த நிலையில், இங்குமங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் 270 பாகைக்குக் குறையாமல் ஆடினால் நல்ல ஆரோக்கியம். 200க்குக் கீழே போனால் எண்ணெயோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. அந்த அளவை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற கடையில் கொடுக்காதீர்கள்.

மெயின் ஸ்பிரிங், ரப்பர் வளையம், விரிசல் விட்ட பிளாஸ்டிக் கண்ணாடி இவை தேயவே செய்த பாகங்கள். தாராளமாக மாற்றலாம். டயல், முட்கள், சுழல் வளையம், கேஸ், பின்மூடி இவற்றைத் தொடக்கூடாது. இதை வாயால் சொன்னால் போதாது. ரசீதில் "பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், கழற்றும் பழைய பாகம் அனைத்தையும் திருப்பித் தரவேண்டும்" என்று எழுதி, கடைக்காரர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் நாலா பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் அக்காவுக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் பெயர்கள் செதுக்கிய மூடி அவர் கையில் இருந்திருக்கும்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. 1950களிலும் அதற்கு முன்னும் வந்த வாட்ச்சுகளில், இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருக்கலாம். இப்போது ஒளிராவிட்டாலும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். ஒளிர்வது நின்றது கூடச் சேர்த்த பூச்சு செத்ததால்தான். மூடிய வாட்ச் அலமாரியில் இருப்பதால் பயப்பட வேண்டாம். வீட்டில் திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' என்று பொடியெழுத்தில் இருந்தால் அது டிரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் ஏறக்குறைய 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், கவலை குறைவு.

ஆசிரியர் அவர்களே, நம்மவர்கள் பலர் கப்பலிலும் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வேலை பார்த்தவர்கள். அவர்களில் சிலர் சிறுகச் சிறுகச் சேமித்து இப்படி ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறார்கள். அது எந்தக் கப்பலில் போனது, எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்று தெரிந்தவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு மூலையில் இடம் ஒதுக்கி, வாசகர் வீட்டுப் பழைய வாட்ச்சின் படத்தையும் அதைக் கட்டியிருந்தவரைப் பற்றி நாலு வரியையும் வாராவாரம் வெளியிட முடியுமா? அண்ணனின் வாட்ச்சைப் படம் எடுத்து முதல் ஆளாக நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி